ஒத்த ஆள் அட்டை பிடிச்சு நின்னா இருபது போலீஸ் எதுக்கு?

2025 பிப்ரவரி 2, இரவு 9.15 (கேள்வி)

ரஷ்யாவுல ஒரு பொண்ணு வெறும் வெள்ளைத்தாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற வீடியோ பார்த்தேன். தாள்ல ஒரு எழுத்துகூட இல்லை. போலீஸ் வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. அத்தனை பெரிய படை வெச்சிருக்கிற அரசு ஒத்தத் தாளுக்கு நடுங்குதுன்னா, சர்வாதிகாரின்னாலே பயந்தாங்கொள்ளின்னுதானே அர்த்தம்? கலெக்டர் ஆபீஸ் பக்கம் தினமும் போராட்டம் பார்க்கிற சேலத்துக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

பிப்ரவரி 2, இரவு 11.05

நான் பார்க்கிறேன். கலெக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை, இருபத்திரண்டு வருஷமாக. கோட்டை மைதானத்து ஆர்ப்பாட்டங்களுக்கு அனுமதி கேட்டு எழுதின மனு எத்தனையோ என் கடையில் டைப் ஆனதுதான். ‘மேற்படி ஆர்ப்பாட்டத்தை அமைதியான முறையில் நடத்துவோம் என உறுதி கூறுகிறோம்’ என்ற வரி என் கம்ப்யூட்டரில் தயாராகவே கிடக்கும். கட்சிப் பெயரும் தேதியும் மாற்றினால் போதும்.

பயம் என்று சொல்வதை நான் ஒத்துக்க மாட்டேன். பயந்தவன் ஓடுவான், இல்லை சுடுவான். அந்த வீடியோவில் வருகிற போலீஸ்காரன் முகத்தைப் பாருங்க, ரேஷன் கடையில் பில் போடுகிறவன் முகம். அவனுக்கு இது எண்ணிக்கை. எந்த நாட்டுச் சட்டத்தை எடுத்தாலும் அதில் ஒரு எண் இருக்கும். எகிப்தில் 2013-ல் போட்ட 107-ஆம் எண் சட்டத்தில் பத்துப் பேருக்கு மேல். தாய்லாந்தில் 2014 மே ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஐந்து பேர். அங்கே கும்பலாக நிற்கக் கூடாது என்றதும் மாணவர்கள் பொது இடத்தில் சாண்ட்விச் சாப்பிட்டார்கள். அதற்கும் பிடித்தார்கள். சிங்கப்பூரில் 2009 சட்டப்படி ஒரே ஆள் நின்றாலும் கூட்டம்தான். நம்ம ஊர்ச் சட்டவிரோதக் கூட்டத்துக்கும் ஐந்து பேர் வேண்டும். ஆளை எண்ணு, எண் தாண்டினால் தூக்கு. அவ்வளவுதான் விஷயம் என்பது என் கட்சி.

பிப்ரவரி 3, பகல் 1.20

இன்று திங்கள். குறைதீர் நாள். சோற்று நேரத்தில் இதை எழுதுகிறேன்.

கேட்டில் பெண் போலீஸ் ஒருத்தர் ஒவ்வொரு பையையும் திறந்து, தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகி மோந்து பார்த்து உள்ளே அனுப்புகிறார். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்ததே, அதிலிருந்து எல்லா மாவட்டத்திலும் இதுதான். இன்று ஒரு பாட்டி மோர் கொண்டுவந்தது. போலீஸம்மா மோந்து பார்த்துவிட்டு, “பாட்டி, புளிச்சுப் போச்சு, குடிக்காதே” என்றார். பாட்டி, “எனக்குத் தெரியும், மனுவை மொதல்ல உள்ள வுடு” என்றது.

இதற்கும் தலைப்புக்கும் சம்பந்தமில்லை. சொல்லணும் போலிருந்தது.

பிப்ரவரி 3, இரவு 10.40

சிங்கப்பூரை எப்படி அந்த வரிசையில் சேர்க்கலாம் என்று தங்கச்சி மாப்பிள்ளை போன் போட்டுத் திட்டினார். பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறார். சரிங்க மாப்பிள்ளை, தேர்தல் நடக்கிற ஊர்தான், பஸ் நேரத்துக்கு வருகிற ஊர்தான். ஆனால் 2020 மார்ச்சில் ஜோலோவன் வாம் என்கிற சமூகச் செயல்பாட்டாளர் தோ பாயோ போலீஸ் கட்டிடத்துக்கு எதிரே, சிரிக்கிற முகம் வரைந்த ஒரு அட்டையைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். நவம்பரில் வழக்கு. குற்றம் என்னவென்றால் அனுமதியில்லாத ‘கூட்டம்’. ஒரு ஆள், ஒரு அட்டை, ஒரு சிரிப்பு. அரசாங்கத்தைப் பற்றி என்ன பட்டம் வேண்டுமானாலும் கொடுத்துக்குங்க, நான் பேசுவது போலீஸின் கணக்கைப் பற்றி. ஹாங் லிம் பூங்காவில் அவர்களுக்கென்று பேச்சாளர் மூலை இருக்கிறது என்கிறார். நமக்குக் கோட்டை மைதானம் மாதிரி. சரி.

ரஷ்யாக் கதைக்கு வருகிறேன், அதுதான் வக்கீல் மூளை வேலை செய்த இடம். அங்கே 2004 சட்டப்படி தனி ஆள் அட்டை பிடித்து நிற்க அனுமதி, முன்தகவல் எதுவும் வேண்டாம். ஓட்டை இருந்தால் ஜனம் நுழையும் அல்லவா? தள்ளித் தள்ளி நின்று ஒவ்வொருவரும் ‘நான் தனி ஆள்’ என்றார்கள். உடனே ஒரு தனி ஆளுக்கும் இன்னொரு தனி ஆளுக்கும் நடுவில் இத்தனை தூரம் என்று வந்தது, ஐம்பது மீட்டர் வரைக்கும். சரி, ஒருத்தர் நின்று முடித்ததும் அதே இடத்தில் அடுத்தவர் என்று வரிசை கட்டினார்கள். 2020 டிசம்பரில் அந்த வரிசையையும் ஒரே கூட்டமாகக் கருதலாம் என்று திருத்தினார்கள். 2014-லேயே இன்னொன்றும் வைத்திருந்தார்கள்: ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப மாட்டினால் வெறும் அபராதத்தோடு போகாது, கிரிமினல் வழக்கு, ஐந்து வருஷம் வரை சிறை. இல்தார் தாதின் என்பவர்தான் அதில் முதலில் உள்ளே போனார், 2015 டிசம்பரில் மூன்று வருஷம். 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் அப்படியே இருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த, அதாவது பிடிக்காத, ஒரு தந்திரம். நீங்கள் ஒத்தையாக அட்டை பிடித்து நிற்கிறீர்கள். யாரோ முன்பின் தெரியாதவன் வந்து பக்கத்தில் ஒட்டி நிற்பான். இப்போது இரண்டு பேர். இரண்டு பேர் என்றால் தனி ஆள் இல்லை, அனுமதியில்லாத கூட்டம். தூக்கு. வந்தவன் எங்கே போனான் என்று கேட்காதீங்க.

பிப்ரவரி 4, காலை 7.10

தூக்கத்தில் தோன்றியது. மேலே எழுதினதில் எனக்கே ஒரு ஓட்டை. கேள்வியில் வருகிற வெள்ளைத்தாள் பொண்ணு ஒத்தை ஆள். எண்ணிக்கைச் சட்டப்படி அவளைத் தொட முடியாது. அப்புறம் எப்படித் தொட்டார்கள்?

2022 மார்ச் 4-ல், உக்ரைன் போர் தொடங்கி எட்டே நாளில், ‘படைக்கு அவப்பெயர் உண்டாக்குதல்’ என்று ஒரு புதுப் பிரிவு போட்டார்கள். அதற்கு எண்ணிக்கை தேவையில்லை, நினைப்பு போதும். நீஷ்னி நோவ்கோரோதில் வெற்றுத்தாள் பிடித்தவரைப் பிடித்தார்கள். எழுத்துக்குப் பதில் எட்டு நட்சத்திரக் குறி போட்டு நின்றவர்களையும் பிடித்தார்கள். ரஷ்ய மொழியில் ‘போர் வேண்டாம்’ என்பதற்கு எட்டு எழுத்தாம். எழுத்தை எண்ணிப் பார்த்த போலீஸுக்கு ஒரு சபாஷ்.

கஜகஸ்தான் காரர்கள் இதில் சீனியர். ஒரல் நகரில் 2019 மே மாதமே ஒரு இளைஞர், ‘வெறும் அட்டை பிடித்தாலும் பிடித்துக்கொண்டு போவார்கள், பாருங்க’ என்று சொல்லிவிட்டே நின்றார். சொன்னபடியே வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிப்ரவரி 4, இரவு 9.50

வெற்றுத்தாள் நமக்குப் புதுசா என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். புதுசில்லை. எமர்ஜென்சியில் தணிக்கை வந்ததும் 1975 ஜூன் 28-ல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்தது. என் அப்பா அப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். ‘காலி இடத்துக்கும் கட்டை அடுக்கணும்டா, சும்மா விட்டா ஃபாரம் சரிஞ்சுடும்’ என்பார். வெற்றிடம் அச்சாக வேண்டுமென்றால் ஈயமும் மரக்கட்டையும் வைத்து நிரப்பணும். இதை எதற்கும் உவமையாக எடுத்துக்காதீங்க, தொழில் விஷயம்.

பிப்ரவரி 5, மதியம்

பெலாரஸை விட்டுவிட்டேன். 2011-ல் அங்கே ஜனம் கோஷம் போடாமல் அட்டை பிடிக்காமல் தெருவில் நின்று கை தட்டினார்கள். கை தட்டினவர்களையெல்லாம் பிடித்தார்கள். அதில் ஒருத்தருக்கு ஒரு கைதான். கை தட்டினதற்கு அவருக்கும் அபராதம். 2013-ல் கோமாளி நோபலான இக் நோபல் சமாதானப் பரிசை அந்நாட்டு அதிபர் லுகாஷென்கோவுக்கும் அந்தப் போலீஸுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

எண்ணிக்கையே பிரதானம் என்ற என் கட்சி இங்கே இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. யோசிக்கிறேன்.

பிப்ரவரி 7, இரவு 11.30

யோசித்தேன். நானே ஒருதரம் மாட்டின கதையைச் சொன்னால்தான் புரியும். எந்த வருஷம், எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள்.

ஏற்காட்டில் கோடை விழா. மச்சான் மலைக்கிராமத்துக்காரர், மிளகும் காபியும் கொஞ்சம் வைத்திருக்கிறார். அவர் ஊருக்குப் போகிற ரோடு மழையில் அறுத்துக்கொண்டு போய் இரண்டு வருஷம். மந்திரி வருகிற அன்று ஒண்டிக்கடை ரவுண்டானாவில் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ் பிடித்து நிற்கலாம் என்றார். நாலுக்கு மூணு அடி, நான்தான் அடித்துக் கொடுத்தேன். பிரசவத்துக்கு டோலி கட்டித் தூக்கிப் போகிற போட்டோவும் இரண்டு வரியும். நாங்கள் நாலு பேர். ஐந்தாகக் கூடாது என்று கணக்குப் போட்டே போனோம், சட்டம் தெரிந்த மாதிரி.

நின்று பத்து நிமிஷம் இருக்கும். எஸ்.ஐ. வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டூரிஸ்ட் கும்பலிடம் போய், “என்ன வேடிக்கை? நகருங்க, நகருங்க.” போன் தூக்கின காலேஜ் பையனிடம், “தம்பி, அதை அழிச்சுடு, நான் பார்க்க அழி.” மிளகாய் பஜ்ஜிக்காரரிடம், “அண்ணே, அரை மணி நேரம் அடுப்பை அணைங்க.” அவர் அணைத்தார். பஜ்ஜி இல்லையென்றதும் பாதிக் கூட்டம் தானாகக் கரைந்தது. எங்களைச் சுற்றி வெறும் ரோடு. அதற்குப் பிறகுதான் ஏட்டு வந்து, மரியாதையாகவே, “வாங்க சார், ஜீப்ல உட்கார்ந்து பேசலாம்” என்றார்.

பேசவில்லை. குப்பனூர் ரோட்டில் இறக்கத்தில் ஏழெட்டு கிலோமீட்டர் கொண்டுபோய் ஒரு வளைவில் இறக்கிவிட்டு, “அடுத்த பஸ்ஸுல வாங்க” என்று சொல்லிப் போய்விட்டார்கள். கைது இல்லை, கையெழுத்து இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நடுவில் தூறல் போட்டது. ஜீப்பின் பின்பக்கத் திறப்பில் ஏட்டு எங்கள் ஃப்ளெக்ஸையே பிரித்துத் தொங்கவிட்டார், எழுத்து உள்பக்கமாக. இறங்குகிற வரைக்கும் டோலி போட்டோவைப் பார்த்துக்கொண்டே நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு எனக்குக் கோபம் ஃப்ளெக்ஸ் போனதற்கு. இப்போதுதான் புரிகிறது, அந்த எஸ்.ஐ. வேலை தெரிந்தவர். முதலில் கலைத்தது எங்களை இல்லை, வேடிக்கை பார்த்தவர்களை.

பிப்ரவரி 8, காலை 6.45

ஆக, என் பழைய கட்சியை வாபஸ் வாங்குகிறேன். எண் என்பது கையில் கொடுத்த அளவுகோல்தான். அளப்பது வேடிக்கை பார்க்கிறவனை. அட்டை பிடித்தவன் யாரென்று போலீஸுக்குத் தெரியும், அவன் வீடு தெரியும். நின்று பார்க்கிறவன்தான் யாரென்று தெரியாது. அவன் நாளைக்கு அட்டை பிடிப்பானா, வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பானா, அவனுக்கே தெரியாது. ரஷ்யாவின் ஐம்பது மீட்டரும் வரிசைத் தடையும் பார்த்தவன் அடுத்த ஆளாக மாறுகிற வழியை அடைப்பதற்கு.

சீன இணையத் தணிக்கையை ஆராய்ந்து கேரி கிங், ஜெனிஃபர் பான், மார்கரெட் ராபர்ட்ஸ் என்ற மூன்று பேர் 2013-ல் எழுதின கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. அரசைத் திட்டுகிற பதிவுகள் நிறையவே தப்பித்துவிடுகின்றன. ஆட்கள் ஓரிடத்தில் கூட வழி செய்கிற பதிவுகள்தான் காணாமல் போகின்றன, அவை அரசைப் புகழ்ந்தாலும்கூட.

அதே சீனாவில் 2011 பிப்ரவரியில், அரபு நாட்டுப் புரட்சியைப் பார்த்து, ‘வாங்பூஜிங் கடைத்தெருவில் சும்மா நடங்க’ என்று யாரோ இணையத்தில் அழைத்தார்கள். போராட்டக்காரன் யார், பர்கர் வாங்க வந்தவன் யார் என்று பிரிக்க முடியாது. போலீஸ் என்ன செய்தது? ரோட்டுக்குத் தண்ணீர் அடிக்கிற வண்டியை விட்டது, தகரம் வைத்து அடைத்து ‘வேலை நடக்கிறது’ என்றது. நம்ம பஜ்ஜி அடுப்பை அணைத்த கதைதான்.

பிப்ரவரி 8, இரவு

‘பயந்தாங்கொள்ளின்னுதானே நானும் சொன்னேன்’ என்று முதலில் கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன், ஒத்துக்கிறேன். ஆனால் பயம் தாள் மேல் இல்லை.

1968 ஆகஸ்ட் 25-ல் மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள், செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கி போனதை எதிர்த்து. சில நிமிஷம்தான். சாதா உடுப்பில் இருந்தவர்கள் பொதுஜனம் மாதிரி வந்து அடித்தார்கள். ஒருத்தருக்குப் பல் போனது. அந்த முகத்தைக் கோர்ட்டில் காட்ட முடியாதென்று மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். எட்டில் ஒரு சின்னப் பொண்ணை மட்டும் மற்றவர்கள், ‘தற்செயலாக அந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிடு’ என்று வற்புறுத்தினார்கள். சொன்னாள், விட்டுவிட்டார்கள்.

சும்மா வந்தேன் என்றால் விடுதலை. பார்த்தீங்களா.

பிப்ரவரி 9, மதியம்

‘நம்மூர் மட்டும் என்ன வாழுதாம்’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தட்டிக்கழிக்க முடியாது.

நம்மூர் முறை எல்லாருக்கும் தெரியும். கைது செய்து கல்யாண மண்டபத்தில் வை, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் விடு. மண்டபத்தில் நிச்சயமே பேசி முடித்த கட்சிக்காரர்கள் உண்டு. ஆனால் 2017 ஜூலையில் இதே சேலத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த பெரியார் பல்கலைக்கழக மாணவி மேல் குண்டர் சட்டம் போட்டதும் நம்மூரில்தான். 2018-ல் எட்டுவழிச் சாலைக்குக் கல் நட்டபோது தன் வயலில் நின்று அழுத விவசாயிகளைத் தூக்கினதும் இங்கேதான்.

அப்போ ரஷ்யாவுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லையா? இருக்கு. அந்த மாணவி மேல் போட்ட குண்டர் சட்டத்தை செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எட்டுவழிக்கு நிலம் எடுத்ததை 2019 ஏப்ரலில் அதே கோர்ட் செல்லாது என்றது (உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் வேறு மாதிரி சொன்னது, அது தனிக்கதை). பொதுத்தெருவில் கூட்டம் போடுவதை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மறுக்க முடியாது என்று ஹிம்மத்லால் ஷா வழக்கில் 1972-லேயே தீர்ப்பு இருக்கிறது. அடிக்கிற கை ஒரே மாதிரிதான் இருக்கும், கேட்க ஒரு இடம் இருக்கிறதா என்பதுதான். மண்டபத்துக் கைதுக்காவது ஒரு வழக்கு எண் உண்டு. ஜீப்பில் ஏற்றி வளைவில் இறக்கிவிட்டதற்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போவேன்?

பிப்ரவரி 9, இரவு

மேலே ‘அழுத’ என்று எழுதினது சரியில்லை. அழுதவர்களும் உண்டு, அதிகாரிகளோடு வாக்குவாதம் பண்ணினவர்களும் உண்டு. அனுதாபத்துக்கு எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 11, இரவு 10.15

இன்றோடு 75 வருஷம். 1950 பிப்ரவரி 11, சேலம் சிறை. கைதிகளாக இருந்த கம்யூனிஸ்டுகள் 22 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. கடைக்கு வந்த ஒரு பெரியவர் நினைவஞ்சலி நோட்டீஸை ஐம்பது காப்பி எடுத்தார். காசு வாங்கவில்லை நான்.

வேடிக்கை பார்க்கிறவனைப் பற்றி இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே மதில். வேடிக்கை பார்க்க ஒருத்தரும் இல்லை.

பிப்ரவரி 13, இரவு

இடத்தையே மாற்றுகிற வேலை பற்றி ஏற்காட்டு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. 2017 டிசம்பரில் தெஹ்ரானில் எங்கெலாப் தெருவில் ஒரு பெண் பில்லர் பாக்ஸ் மாதிரி ஒரு பெட்டி மேல் ஏறி நின்று, முக்காட்டைக் குச்சியில் கட்டி அசைத்தாள். அடுத்தடுத்து மற்ற பெண்களும் பெட்டிகள் மேல் ஏறினார்கள். அரசு என்ன பண்ணியது? பெட்டி மேல் சாய்வாக ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டது, யாரும் நிற்க முடியாதபடி. பஹ்ரைனில் 2011 மார்ச்சில் ஜனம் கூடின முத்து நினைவுச்சின்னத்தையே இடித்தார்கள்.

144 பற்றியும் ஒன்று. 2021 பிப்ரவரியில் மியான்மர் ராணுவம் ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை போட்டதே, அதுவும் 144-தான். அதே வெள்ளைக்காரன் சட்டம், அதே எண். நமக்கு 2024 ஜூலையிலிருந்து அது 163 ஆகிவிட்டது, ஆனால் டீக்கடையில் இன்னும் 144-தான்.

பிப்ரவரி 15, காலை

ஒத்தை ஆள் போராட்டம் ரஷ்யாக்காரன் கண்டுபிடிப்பு என்று யாரோ எழுதியிருந்தார். அண்ணா, தனிநபர் சத்தியாகிரகம் மறந்துபோச்சா? 1940 அக்டோபர் 17-ல் வினோபா பாவே முதல் ஆளாக யுத்தத்துக்கு எதிராகப் பேசக் கிளம்பினார், 21-ல் கைது. இரண்டாவது நேரு, நாலு வருஷத் தண்டனை. நம்ம சேலத்து முனிசிபல் சேர்மனாக இருந்த ராஜாஜிக்கு டிசம்பரில் ஒரு வருஷம். எந்த நாள், எந்த இடம் என்று முன்கூட்டியே அதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் நிற்பார்கள். மனு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கும்.

வெள்ளைக்காரன் ஒரு கட்டத்தில் சிலரைப் பிடிக்காமலே விட்டுப் பார்த்தான். பிடிக்காவிட்டால் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே டெல்லியைப் பார்த்து நட என்று ஏற்பாடு. ஒவ்வொரு ஊரிலும் வேடிக்கை பார்க்க ஆள் கிடைப்பான் அல்லவா.

மனு என்றதும் பெய்ஜிங் ஞாபகம். 2008 ஒலிம்பிக்ஸுக்கு மூன்று பூங்காவில் போராடலாம், மனு கொடுங்க என்றார்கள். 77 மனு வந்தது, ஒன்றுக்கும் அனுமதியில்லை. திரும்பத் திரும்ப மனு கொடுத்த இரண்டு பாட்டிகள், எழுபது தாண்டினவர்கள், அவர்களுக்கு ஓராண்டு ‘உழைப்பு மூலம் மறுகல்வி’ என்று உத்தரவு. அந்த மனுவை டைப் அடித்தவன் கதி என்ன ஆனதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பிப்ரவரி 17, இரவு 8.30

திங்கள். காலையில் மச்சான் மலையிலிருந்து இறங்கி வந்தார். அந்த ரோடு போட்டு, மறுபடி போன மழையில் பாதி போயிற்றாம். இந்தத் தடவை ஃப்ளெக்ஸ் வேண்டாம், கையில் பிடிக்கிற அட்டை போதும், தனியாக நிற்கிறேன் என்றார். கறுப்பு மையில் அடித்துக்கொண்டிருந்தேன். போலீஸ் உளவு வேலை பார்க்கிற தனிப்பிரிவு ஏட்டய்யா வழக்கம்போல் டீ கிளாஸோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். எத்தனை பேர், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டார். மச்சான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஏட்டய்யா போனில் அட்டையைப் படம் எடுத்தார். சரியாக விழவில்லை, லேமினேஷன் மினுமினுப்பு. “ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க, ரிப்போர்ட்டோட வைக்கணும்” என்றார். போட்டுக் கொடுத்தேன், ரெண்டு ரூபாய். படித்துப் பார்த்துவிட்டு, “சீரமை-க்கு பெரிய ‘ர’வா, சின்ன ‘ர’வா?” என்றார். பெரிய ற போட்டிருந்தேன். மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.